ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வைச் சொல்லும் ஆவணப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்புரவுப் பணியாளர்கள், குடிசைவாசிகள், பழங்குடிக் குடும்பங்கள் பற்றிய ஆவணப்படங்களை எங்கள் சிறிய திரைப்பட வட்டம் சார்பில் திரையிட்டு வருகிறோம். கல்லூரி, நூலகம், தொழிற்சங்க அலுவலகம் என்று எங்கே போட்டாலும், படம் முடிந்ததும் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை போகப் போக.

"ஆவணப்படம்னா, முன்னாடி தியேட்டர்ல படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஓட்டுவாங்களே, அதுதானே?"

அதுவும் ஆவணப்படம்தான், ஆனால் அது மட்டுமே அல்ல. இந்திய அரசு 1948-இல் ஃபிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கியது. அது எடுத்த செய்திப்படங்களையும் ஆவணப்படங்களையும் தியேட்டர்கள் கட்டாயம் ஓட்ட வேண்டியிருந்தது. அணைக்கட்டு, தடுப்பூசி, வெள்ள நிவாரணம் என்று காட்சிகள் ஓட, கணீரென்ற ஒரு குரல் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே போகும். அந்தப் படங்களில் ஏழைகள் நிறைய வருவார்கள். பேசுவது மட்டும் அந்தக் குரல்தான். விதிவிலக்குகளும் உண்டு. அந்த நிறுவனத்துக்காகவே படம் எடுத்த எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1967-இல், நாடு விடுதலை பெற்ற வருடத்தில் பிறந்த இளைஞர்களைத் தேடிப் போய் அவர்களையே பேச வைத்தார். ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

நாங்கள் திரையிடுபவை பெரும்பாலும் அரசுக்கும் தயாரிப்பு நிறுவனங்களுக்கும் வெளியே எடுக்கப்பட்டவை. வீடியோ கேமராவின் விலை இறங்க இறங்க இப்படிப் படம் எடுப்பவர்கள் பெருகினார்கள். மைக் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் பழைய படங்களுக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம்.

"டிவியில ஸ்பெஷல் ரிப்போர்ட் போடுறாங்க. அதைவிட இதுல என்ன பெருசா இருக்கு?"

நேரம். செய்திக் குழு சம்பவம் நடந்த அன்று வரும், மறுநாள் வேறு சம்பவத்துக்குப் போய்விடும். அதைக் குறை சொல்லவில்லை, அவர்கள் வேலை அப்படி. ஆவணப்படம் எடுப்பவரோ கூட்டம் கலைந்த பிறகும் அங்கேயே இருக்கலாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மும்பை காட்கோபரில் ரமாபாய் நகர் என்று ஒரு தலித் குடியிருப்பு. 1997 ஜூலை 11 காலையில் அங்கே அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. கொதித்துப்போய் மக்கள் சாலைக்கு வந்தார்கள். போலீஸ் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். அதைத் தாங்க முடியாமல் சில நாட்களில் மராத்திப் பாடகரும் கவிஞருமான விலாஸ் கோக்ரே உயிரை மாய்த்துக்கொண்டார். இயக்குநர் ஆனந்த் பட்வர்தனுக்கு அவர் புதியவர் அல்ல. 1985-இல் வந்த பட்வர்தனின் படத்தில் கோக்ரே பாடியிருந்தார். கோக்ரேயின் சாவிலிருந்து தொடங்கி 14 ஆண்டுகள் எடுத்து பட்வர்தன் முடித்த படம்தான் "ஜெய் பீம் காம்ரேட்". வழக்கு இழுத்தடித்தது, பாடகர் குழுக்கள் உருவானது, அரசியல் கூட்டணிகள் மாறியது எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு நாள் செய்தியில் இதைச் சொல்லவே முடியாது.

"இந்தப் படமெல்லாம் எங்கே கிடைக்கும்?"

நிறையப் படங்களை இயக்குநர்களே யூடியூபில் போட்டிருக்கிறார்கள். மதுரையில் 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடந்து வருகிறது. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ஆவணப்பட விழா 2008-இல் தொடங்கியது. மும்பை விழா 1990-இலிருந்து நடக்கிறது. விழாவுக்குப் போக முடிந்தால் போங்கள். எடுத்தவரை நேரில் நிறுத்திக் கேள்வி கேட்கும் வாய்ப்பு யூடியூபில் கிடைக்காது.

"எல்லாப் படமும் ஒரே சோகமா இருக்கே. ஏழைன்னா அழுதுட்டேதான் இருப்பாங்களா?"

ரொம்பச் சரியான கேள்வி. நான் படம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பதே இதைத்தான். ஒரு வீட்டுக்குள் கேமரா போய், அங்கே ஒருவர் சிரிப்பதையும், சண்டை போடுவதையும், பிள்ளைக்குத் தலை வாரி விடுவதையும் காட்டாமல் கண்ணீரை மட்டும் கொண்டுவந்தால், அந்தப் படம் அந்தக் குடும்பத்தைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். சோக வயலினைப் பின்னணியில் போட்டுவிட்டால் இன்னும் மோசம்.

மேலே சொன்ன ஜெய் பீம் காம்ரேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சாவில் தொடங்கும் படம்தான், ஆனால் படம் முழுக்கப் பாட்டு. கிண்டல் பாட்டு, கோபப் பாட்டு, பெண்கள் வீட்டு முற்றத்தில் பாடும் பாட்டு என்று ஓயாமல் வரும். அடி வாங்கியவர்களாக மட்டும் அந்த மக்கள் நம் மனதில் தங்குவதில்லை. நல்ல குரல் உள்ளவர்கள், நன்றாக வாதாடுபவர்கள் என்றும் நினைவில் நிற்கிறார்கள்.

அதற்காக எதையும் இனிமையாக்கிக் காட்டச் சொல்லவில்லை. ஆர்.பி. அமுதன் 2003-இல் மதுரையில் எடுத்த "பீ" என்ற சிறிய படம், தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண் பணியாளரின் பின்னாலேயே போகிறது. அந்த வேலை எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எத்தனை முறை குனிய வேண்டியிருக்கிறது என்பதை நாம் கூடவே நடந்து பார்க்கிறோம். அழ வைக்கும் முயற்சி எதுவும் இல்லாமலே நம்மைத் தலைகுனிய வைத்துவிடுகிறது.

"உண்மைன்னு சொல்றாங்க, ஆனா நடிக்கச் சொல்லித்தானே எடுக்கிறாங்க?"

சில நேரம் ஆமாம். ஆவணப்படம் என்றதும் எல்லாரும் சொல்லும் முதல் பெரிய படமே அப்படித்தான். 1922-இல் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி, கனடாவின் வடகோடியில் வாழும் இன்யூட் மக்களில் ஒரு வேட்டைக்காரரின் குடும்பத்தைப் படமாக்கினார். படத்தில் அவர் பெயர் நானூக், உண்மைப் பெயர் அல்லாகரியாலாக். மனைவியராகக் காட்டப்பட்டவர்கள் அவர் மனைவியர் அல்ல. அப்போதே அந்த மக்கள் துப்பாக்கி வைத்திருந்தும், பழைய காலம் போல ஈட்டியால் வேட்டையாடச் சொன்னார். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாததால் பாதிச் சுவர் இல்லாத பனிவீட்டைக் கட்டி, அதற்குள் படுத்து எழச் சொன்னார்.

வெளிச்சத்துக்காகச் சுவரைத் திறந்ததில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. துப்பாக்கியை மறைத்ததுதான் தவறு. காலத்தோடு மாறிக்கொண்டிருந்த ஒரு மக்களை, மாறவே தெரியாதவர்கள் என்று உலகம் நம்பும்படி செய்துவிட்டது. இன்றும் இது நடக்கிறது. பழங்குடிப் பையன் கையில் இருக்கும் செல்போனைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு எடுப்பார்கள். படம் பார்க்கும்போது, "இந்த வீட்டில் இருக்க வேண்டிய எது ஃபிரேமில் இல்லை?" என்று தேடிப் பாருங்கள்.

"அந்தக் குடும்பத்துக்குப் பணம் கொடுப்பாங்களா? கொடுக்கணுமா?"

இந்தக் கேள்வியை ஆவணப்படத்துக்குள்ளேயே ஒரு பெண் கேட்டிருக்கிறார். 1980களின் தொடக்கத்தில் மும்பையில் நடைபாதைவாசிகளையும் குடிசைவாசிகளையும் விரட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. கோக்ரே பாடியதாக மேலே சொன்ன, பட்வர்தனின் 1985 படம் அதைப் பற்றியதுதான். அதில் குடிசை இழந்து நிற்கும் ஒரு பெண் கேமராவைப் பார்த்தே கோபப்படுகிறார்: ஏழைகளைப் படம் எடுத்து நீங்கள் பெயர் வாங்கப் போகிறீர்கள், எங்களுக்கு என்ன ஆகப் போகிறது என்கிற தொனியில். பட்வர்தன் அதை வெட்டாமல் வைத்தார். நாற்பது வருடம் ஆகியும் அந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைத்தபாடில்லை.

பேட்டிக்குப் பணம் கொடுத்தால் காசுக்காகப் பேசினார்கள் என்று ஆகிவிடும் என்பது பழைய வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் கேமரா முன்னால் உட்காரும் ஒவ்வொரு நாளும் அவருக்குச் சம்பளம் போகிறது. அந்த நாள் கூலியைக் கொடுப்பது நேர்மைக்கு எந்தக் குறையும் வைக்காது என்பது என் கருத்து. அமெரிக்காவில் 1994-இல் வந்த "ஹூப் ட்ரீம்ஸ்" சிகாகோவின் இரண்டு கறுப்பினப் பையன்களைச் சுமார் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்த படம். இடையில் ஒரு வீட்டில் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டபோது படக்குழு பணம் கொடுத்து உதவியது. படம் நன்றாக ஓடியதும் குடும்பங்களுக்கும் பங்கு போனது.

நம் பக்கத்தில், முதுமலை தெப்பக்காட்டு யானைப் பராமரிப்பாளர் தம்பதி பற்றிய குறும் ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் வாங்கியது. சில மாதங்களில், தங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று அந்தத் தம்பதி செய்தியாளர்களிடம் சொன்னார்கள். படத் தரப்பு அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்று நான் சொல்ல வரவில்லை. எடுக்கும் முன்பே, எழுத்தில், அவர்களுக்குப் புரியும் மொழியில், படம் பெரிதாகிவிட்டால் என்ன என்பதையும் சேர்த்துப் பேசி வைத்தால் இரு தரப்புக்கும் நல்லது.

"கையெழுத்து வாங்கிட்டா போதும்தானே?"

கையெழுத்து வேண்டும், ஆனால் அது தொடக்கம் மட்டுமே. ஆங்கிலத்தில் நாலு பக்கம் அச்சடித்து "இங்கே போடுங்கம்மா" என்று வாங்கும் கைநாட்டு உங்களை வழக்கிலிருந்து காப்பாற்றலாம், அவர்களை எதிலிருந்தும் காப்பாற்றாது. எங்கே காட்டுவோம், யூடியூபில் வருமா, மேஸ்திரியும் கடன் கொடுத்தவரும் பக்கத்து ஊர்ச் சம்பந்தியும் பார்க்க வாய்ப்பிருக்கிறதா என்று உடைத்துச் சொல்லிக் கேட்க வேண்டும். எடுக்கும் முன் ஒரு தடவை, எடிட்டிங் முடிந்ததும் ஒரு தடவை கேட்பது நல்லது. முதல் தடவை "சரி" சொன்னவருக்கு, தான் என்னென்ன பேசப்போகிறோம் என்றே அப்போது தெரியாது.

"முகத்தை மறைச்சுப் போட்டா பிரச்சினை தீர்ந்துச்சே?"

ஊர்க்காரர்களுக்கு முகமே வேண்டாம். குரல், புடவை, வாசல் வேப்பமரம், பின்னால் கேட்கும் பேரனின் பெயர், இவற்றில் ஒன்று போதும். நகரத்துப் பார்வையாளரிடமிருந்து மறைத்துவிட்டு, யாரிடமிருந்து ஆபத்தோ அவரிடம் காட்டிக்கொடுத்துவிடுவோம். மறைக்க வேண்டும் என்றால் குரலை மாற்ற வேண்டும், இடத்தையும் மாற்றி எடுக்க வேண்டும். அல்லது அந்தப் பேச்சை வேறொருவர் வாசிக்க வேண்டும்.

சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடப் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் இதே போன்றது. அம்மா அனுமதி கொடுத்தார் என்று சொல்லித் தப்ப முடியாது.

"அந்தச் சாதியில, அந்தச் சமூகத்துல பிறக்காதவங்க எடுக்கலாமா?"

எடுக்கலாம். ஆனால் தனக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது என்ற நினைப்போடு எடுக்க வேண்டும். எங்கள் திரையிடல்களில் சூடான விவாதம் இதில்தான் வரும். "நீ யார் எங்களைப் பற்றிச் சொல்ல?" என்ற கோபத்துக்குக் காரணம் உண்டு. கேமரா வாங்கவும், விழாவுக்கு அனுப்பவும், ஆங்கிலத்தில் சப்டைட்டில் போடவும் முடிந்தவர்கள் பெரும்பாலும் மேல்தட்டில் இருந்து வந்தவர்கள்தான்.

அதனால் எனக்கு மிகவும் பிடித்த முயற்சிகள் வேறு. தெலங்கானாவில் ஜாகீராபாத் பக்கம் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு அமைப்பின் தலித் பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாத பலர் உட்பட, 1990களின் பிற்பகுதியில் கேமரா பிடிக்கக் கற்றார்கள். விதை, பயிர், பருத்தி விவசாயிகளின் நஷ்டம் பற்றி எல்லாம் படம் எடுத்தார்கள். கேமரா கோணங்களுக்கு அவர்களே பெயர் வைத்தார்கள். மேலே இருந்து கீழே பார்த்து எடுத்தால் "பட்டேல் ஷாட்", ஏனென்றால் ஊர்ப் பெரிய நிலக்காரர் அவர்களைப் பார்ப்பது அப்படித்தான். கண்ணுக்குக் கண் சமமாக வைத்து எடுத்தால் "சங்கம் ஷாட்", அவர்களுடைய பெண்கள் சங்கத்தில் எல்லாரும் தரையில் சமமாக உட்காருவதால். இதைக் கேட்ட பிறகு, எந்தப் படத்திலும் கேமரா எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் நின்றுகொண்டே பேட்டி எடுத்தால் அது பட்டேல் ஷாட். கூடவே உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

"சென்சார் வாங்கணுமா? போலீஸ் வந்து நிறுத்தினா என்ன செய்யறது?"

1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி பொதுத் திரையிடலுக்குச் சான்றிதழ் வேண்டும், ஆவணப்படத்துக்கும் சேர்த்துத்தான். யூடியூபில் ஏற்ற அது தேவையில்லை. விழாக்களுக்கு அரசிடம் விலக்கு வாங்கும் வழி உண்டு. ஓர் அறையில் நாற்பது பேர் கூடிப் பார்ப்பது பொதுத் திரையிடலா என்பதில்தான் எப்போதும் தகராறு.

இந்தச் சண்டையின் பெரிய வழக்கே ஓர் ஆவணப்படத்தால் வந்தது. இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் 1968-இல், கல்கத்தா, பம்பாய், மதராஸ், டெல்லி நகரங்களின் பளபளப்பையும் அங்கேயே உழைத்துச் சாகும் ஏழைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். பாலியல் தொழில் நடக்கும் தெருக் காட்சிகளை வெட்டச் சொன்னது சென்சார். அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கின் நடுவே வெட்டு இல்லாமல் "யு" தர அரசு ஒப்புக்கொண்டது. ஆனாலும் படம் வெளிவரும் முன்பே தணிக்கை செய்வது செல்லும் என்றே 1970-இல் தீர்ப்பு வந்தது. சென்சார் முடிவை எதிர்த்து முறையிடப் பிறகு வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2021-இல் கலைக்கப்பட்டது. இப்போது சான்றிதழ் மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அது எவ்வளவு தூரம் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாட்டில், மலம் அள்ளும் தொழிலாளர்கள் பற்றித் திவ்யபாரதி எடுத்த "கக்கூஸ்" 2017-இல் வந்தபோது பல ஊர்களில் திரையிடலைப் போலீஸ் தடுத்தது. அவர் படத்தை யூடியூபில் ஏற்றினார், தடுத்த ஊர்களில் எல்லாம் மக்கள் செல்போனிலேயே பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஒரு பழைய வழக்கில் அவர் கைதாகி ஜாமீனில் வந்தார். திரையிடுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மறுப்பை வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். இடம் கொடுத்தவரிடம் படத்தைப் பற்றி முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் சாவி தர மறுத்த ஒரு மண்டபக்காரரால் நாங்கள் மொட்டை மாடியில் படம் போட்டிருக்கிறோம்.

"படம் எடுத்து என்னதான் மாறிச்சு, சொல்லுங்க?"

படம் மட்டும் தனியாக எதையும் மாற்றியதாக நான் சொல்ல மாட்டேன். மலம் அள்ளும் வேலையைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம் வந்தன. சாக்கடைக் குழியில் இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அதற்குப் பின்னால் சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் போன்ற இயக்கங்களின் நெடுங்கால உழைப்பு இருக்கிறது. நான் மேலே சொன்ன மதுரைப் படமும் "கக்கூஸ்" படமும், "அப்படியெல்லாம் இங்கே நடப்பதில்லை" என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்தன. அதுவே பெரிய வேலைதான்.

நேரடிப் பலன் கிடைத்த இடமும் உண்டு. கனடாவின் ஃபோகோ தீவில் மீன்பிடித் தொழில் நொடித்து, தீவைக் காலி செய்ய வேண்டிவருமோ என்று மக்கள் பயந்த நேரம். 1967-இல் இயக்குநர் காலின் லோ அங்கே 27 சிறு படங்கள் எடுத்தார். பேசியவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டினார். அப்புறம் தீவின் மற்ற ஊர்களில் காட்டினார். தங்களுக்குள் பேசாமலே இருந்த ஊர்கள், அடுத்த ஊர்க்காரனுக்கும் இதே கஷ்டம் என்று திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டன. படங்கள் அமைச்சர்களிடம் போயின. மீன்வளத்துறை அமைச்சரின் பதிலும் படமாகத் தீவுக்குத் திரும்பி வந்தது. மீனவர் கூட்டுறவுச் சங்கம் உருவானது, மக்கள் அங்கேயே தங்கினார்கள்.

தெப்பக்காட்டுப் படம் ஆஸ்கர் வாங்கிய பிறகு, தமிழ்நாடு அரசு யானைப் பராமரிப்பாளர்கள் 91 பேருக்குத் தலா 1 லட்சம் ரூபாய் அறிவித்தது, வீடு கட்டவும் நிதி ஒதுக்கியது. விருது வாங்கினால்தான் கண்ணில் படுவார்களா என்று எனக்கு ஆதங்கம் இருந்தாலும், அந்தக் குடும்பங்களுக்கு அது நல்லதுதான்.

"எங்க தெருவையே எடுக்கணும்னு ஆசை. எங்கே ஆரம்பிக்கிறது?"

முதலில் கேமரா இல்லாமல் போங்கள். பல தடவை போங்கள். எந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள், தண்ணீர் எப்போது வரும், யாருக்கு யாரோடு பேச்சு இல்லை என்பது தெரியட்டும். செல்போன் கேமராவே போதும், காசு இருந்தால் அதை நல்ல காலர் மைக்குக்குச் செலவழியுங்கள். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். தகரக் கூரை வீட்டில் மழை பெய்தால் பேட்டியை நிறுத்திவிட்டு மழைச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து வையுங்கள். ஃபேனை நிறுத்தச் சொல்லிப் புழுக்கத்தில் வியர்க்க வைத்துப் பேச வைக்காதீர்கள்.

"முடிச்ச படத்தைப் பார்த்துட்டு, 'இதை எடுத்துடுங்க'ன்னு அவங்க சொன்னா?"

எடுத்துவிடுங்கள். ஃபோகோவில் அந்த உரிமை பேசியவர்களுக்கே இருந்தது. அதனால் படங்கள் கெட்டுப்போய்விடவில்லை.

அவர்கள் வெட்டச் சொல்வது நாம் நினைக்கும் இடமாக இருக்காது. எங்களோடு படம் எடுத்த ஓர் அம்மா, தான் அழுத காட்சியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. மாமியார் அடுப்படியில் தனியாக அலுமினியத் தட்டில் சாப்பிடும் இரண்டு விநாடி ஷாட்டைக் காட்டி, "இதைப் பார்த்தா நான் அவங்களைத் தள்ளி வெச்சுச் சோறு போடுறேன்னு சொந்தக்காரங்க நினைப்பாங்க தம்பி" என்றார். எங்களுக்கு அழகான ஷாட். அவருக்கு ஆயுசுக்கும் பழி. அன்றே வெட்டினோம்.

மறுபக்கமும் இருக்கிறது. அதிகாரத்தில் உள்ளவர்கள், முதலாளி, அதிகாரி போன்றவர்கள், "நான் பேசினதை வெட்டு" என்றால் அதே சலுகை கிடையாது. தன் வாழ்க்கையைத் திறந்து காட்டியவருக்குத்தான் இந்த உரிமை.

"படம் வந்து பத்து வருஷம் கழிச்சு, அப்போ சின்னப் பொண்ணா இருந்தவ, 'என்னைக் காட்டாதீங்க'ன்னு வந்தா?"

இது உண்மையிலேயே சிக்கல். படம் பலருடைய உழைப்பு, மற்றவர்கள் இன்னும் காட்டச் சொல்லலாம். டவுன்லோட் ஆன பிரதிகளைத் திரும்ப வாங்கவும் முடியாது. இருந்தாலும் அவள் சார்பாக அன்று "சரி" சொன்னது அவளுடைய பெற்றோர்தான். பதினெட்டு வயதைத் தாண்டியவள் வந்து கேட்கும்போது அவள் பேச்சுக்குத்தான் எடை அதிகம். அவள் வரும் பகுதியை வெட்டிப் புதிய பிரதியை ஏற்றலாம். வெட்டினால் படமே நிற்காது என்றால் இணையத்திலிருந்து இறக்கிவிட்டு, அவள் சம்மதிக்கும் இடத்தில் மட்டும் காட்டலாம். எங்கள் வட்டத்தில் இப்போது, குழந்தைகள் வரும் பழைய படத்தைத் திரையிடும் முன் இயக்குநரிடம் ஒன்று கேட்கிறோம்: அந்தக் குழந்தைகளோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்? பேசவே இல்லை என்றால், பேசிவிட்டு வரச் சொல்கிறோம்.